தட்டின் ஓரத்தில் ஒதுங்கும் காய்

திருப்பூரிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். நாலு வயது மகன் தயிர்சாதம், தோசை, உருளைக்கிழங்கு வறுவல் தவிர எதையும் தொடமாட்டேன் என்கிறானாம். சாம்பாரில் காயை மசித்துவிட்டு ஊட்டினால் போதுமா? பாலில் கலக்கும் ஊட்டச்சத்து பானம் கொடுத்தால் காய் தேவையில்லை என்கிறார்களே, சரியா? ராத்திரியில் கீரை கூடாது, பூசணியும் சுரைக்காயும் சளி பிடிக்கும் என்று மாமியார் சொல்கிறார், கேட்பதா வேண்டாமா? அவனுக்குக் கீழே ஏழு மாதப் பெண் குழந்தை இருக்கிறாள், அவளாவது காய் தின்னப் பழக என்ன செய்வது?

குழந்தைகளுக்கு உணவு ஆலோசனை சொல்வதே என் வேலை. என்னிடம் அதிகம் கேட்கிற கேள்வி இதுதான். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் அளவு. பயமெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் 4 முதல் 6 வயதுக் குழந்தைக்கு நாளைக்குக் கீரை 50 கிராம், மற்ற காய் 100 கிராம், கிழங்கு வகை 100 கிராம், பழம் 100 கிராம் என்று போட்டிருக்கிறது. எல்லாம் பச்சையாக நிறுத்த எடை. 50 கிராம் கீரையை ஆய்ந்து வேகவைத்தால் இரண்டு மூன்று கரண்டி மசியல்தான் வரும். 100 கிராம் பீன்ஸ் பொரியல் ஒரு சின்னக் கிண்ணம். அதுவும் மூன்று வேளைக்கும் சேர்த்து. பெரியவர்கள் தட்டில் வைக்கிற அளவைப் பிள்ளை தட்டில் வைத்துவிட்டு ‘பாதிகூடத் தின்னலை’ என்று அழுகிற அம்மாக்களை நிறையப் பார்க்கிறேன். நாலு வயதுக்கு ஒரு வேளைக்கு ஒரு காயில் நாலு மேசைக்கரண்டி போதும். தொடங்கும்போது ஒரே ஒரு துண்டு போதும். மதியம் பள்ளியில் சத்துணவு சாப்பிடும் குழந்தைக்குத் தொடக்கப்பள்ளி அளவில் அரசு ஒதுக்கியிருக்கும் காயும் 50 கிராம்தான்.

உருளைக்கிழங்கை மட்டும் காய்க் கணக்கில் சேர்க்காதீர்கள். அது அரிசியோடு சேர வேண்டியது. கெட்டது என்று சொல்லவில்லை. பொரியலுக்குப் பதிலாக அதையே தினமும் வைத்தால் தட்டில் மாவுச்சத்து இரண்டு தடவை வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

அடுத்தது, காய் எதற்கு. கீரை, மஞ்சள் பூசணி, கேரட் போன்றவற்றின் நிறமே உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறுகிறது. கண்ணுக்கும், தோலுக்கும், தொற்று நோயைத் தாங்கும் சக்திக்கும் அது வேண்டும். கீரையில் ஃபோலேட் என்ற பி வைட்டமின் உண்டு. முட்டைக்கோஸ், குடைமிளகாய், தக்காளி, முருங்கைக்கீரை இவற்றில் வைட்டமின் சி. பொட்டாசியம் கிட்டத்தட்ட எல்லாக் காயிலும் உண்டு. இவற்றைவிட அன்றாடம் நம் கண்ணில் படுவது நார்ச்சத்துதான். பிள்ளையின் வயதோடு ஐந்தைக் கூட்டினால் வரும் கிராம் அளவாவது தினமும் வேண்டும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் எளிய கணக்கு. உங்கள் பையனுக்கு 9 கிராம். வெள்ளைச் சோறு, தயிர், தோசை, பால் என்றே ஒரு நாளை ஓட்டினால் அதில் பாதி தேறுவதே கஷ்டம். மூன்று நாளைக்கு ஒரு முறை முக்கி அழுதுகொண்டு மலம் கழிக்கிற பிள்ளை, வலிக்குப் பயந்து அடக்கிக்கொள்ளும். அடக்க அடக்க இறுகும். வயிறு நிறைந்தே இருப்பதால் பசிக்காது. பசிக்காத பிள்ளை காயைத் தொடுமா? ‘சாப்பிடமாட்டேங்கிறான்’ என்று அழைத்து வரப்படும் குழந்தைகளில் பலருக்கு உண்மையில் இருப்பது மலச்சிக்கல். உங்கள் மகனுக்கு அப்படி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

காயிடம் எதிர்பார்க்கக் கூடாததும் உண்டு. வைட்டமின் பி12 எந்தக் காயிலும் இல்லை. அதற்குப் பால், தயிர், முட்டை, மீன், கறி. புரதத்துக்குப் பருப்பு, பயறு, முட்டை. எடை கூடவும் காய் உதவாது. 100 கிராம் சுரைக்காயில் 20 கலோரிகூடத் தேறாது. நாலு வயதுப் பிள்ளைக்கு நாளைக்குச் சுமார் 1350 கலோரி வேண்டும். தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 22 சதவீதம் பேர் எடை குறைந்தவர்கள். அப்படிப்பட்ட பிள்ளையின் சின்ன வயிற்றைக் காய்கறி சூப்பால் நிரப்புவது பாவம். சூப் குடித்ததும் வயிறு நிறைந்துவிடும், உள்ளே போனது வெந்நீர். மெலிந்த பிள்ளைக்குக் காய் வேண்டாம் என்றில்லை. பருப்போடும் நெய்யோடும் தேங்காயோடும் போக வேண்டும். கூட்டும் பருப்புக் கடையலும் நம் சமையலில் அதற்காகவே இருக்கின்றன போலும்.

இரும்புச்சத்தை மட்டும் தனியாகச் சொல்கிறேன். அதே ஆய்வில் தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! எல்லா ரத்தசோகையும் இரும்புக் குறையால் வருவதில்லை என்றாலும் அதுதான் பெரிய காரணம். உடனே எல்லாரும் முருங்கைக்கீரைப் பொடிக்கு ஓடுகிறார்கள். ‘பாலக்கைவிட 25 மடங்கு இரும்பு’ என்று சுற்றுகிற வாசகத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். காய்ந்த பொடியின் 100 கிராமையும், முக்கால்வாசிக்கு மேல் தண்ணீரான பச்சைக் கீரையின் 100 கிராமையும் பக்கத்தில் வைத்துப் போட்ட கணக்கு அது. எந்தப் பிள்ளையும் 100 கிராம் பொடி தின்னாது. ஒரு டீஸ்பூன் தின்றால் பெரிது. முருங்கைக்கீரை நல்ல கீரை, அதில் சந்தேகமில்லை. ஆனால் கீரையில் இருக்கிற இரும்பில் குடல் உறிஞ்சிக்கொள்வது கொஞ்சம்தான். பக்கத்தில் வைட்டமின் சி இருந்தால் அந்தக் கொஞ்சம் கூடும். டீ, காபி இருந்தால் குறையும். பிள்ளைக்கு டீ கொடுக்கிற பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். கீரை மசியலை அடுப்பிலிருந்து இறக்கியபின் எலுமிச்சை பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் புளிப்பு மட்டும்தான் மிஞ்சும், வைட்டமின் சி சூட்டில் போய்விடும்.

இன்னொரு திருடன் பால். நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடிக்கிற பிள்ளைக்கு இரும்பு குறைவது சகஜம். பாலில் இரும்பு மிகக் குறைவு, அதிலுள்ள கால்சியம் மற்ற உணவின் இரும்பையும் சரியாகச் சேரவிடாது, பசியையும் அடைக்கும். பையன் எவ்வளவு பால் குடிக்கிறான் என்று நீங்கள் எழுதவில்லை. காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒன்று, படுக்கும்போது ஒன்று என்றால் அதிலொன்றைக் குறையுங்கள். பல வீடுகளில் இதை மட்டும் செய்தாலே மதியப் பசி திரும்பிவிடுகிறது.

இதிலேயே ஊட்டச்சத்து பானத்துக்கும் பதில் இருக்கிறது. டப்பாவின் பின்பக்கம் பாருங்கள். பலவற்றில் சர்க்கரை இரண்டாவது மூன்றாவது இடத்தில் இருக்கும். கூடவே சில வைட்டமின்களும் தாதுக்களும் சேர்த்திருப்பார்கள், உண்மைதான். ஆனால் நார்ச்சத்து அநேகமாக இருக்காது, மெல்லுகிற வேலை இல்லை, நாக்கு ஒரே இனிப்புக்குப் பழகுகிறது. காய்க்குப் பதில் அது ஆகாது. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் கொட்ட வேண்டாம், தீர்ந்ததும் விட்டுவிடுங்கள். அந்தக் காசுக்கு ஒரு மாதத்துக்கு முட்டை வாங்கலாம்.

சாம்பார். காயை மசித்துக் கலந்து ஊட்டுவது தப்பில்லை. வெறும் தண்ணிச் சாம்பாரை மேலாக மொண்டு ஊற்றுவதைவிட ஆயிரம் மடங்கு மேல், ஏனென்றால் நாரும் நிறச்சத்தும் துண்டில்தான் இருக்கின்றன, குழம்பில் கொஞ்சம்தான் இறங்கும். ஆனால் இதில் ஒன்று குறைகிறது. பிள்ளைக்குத் தான் தின்றது காய் என்றே தெரியாது. கத்தரிக்காய் எப்படி இருக்கும், வழவழவென்று இருக்குமா, விதை பல்லில் மாட்டுமா, எதுவும் தெரியாமல் அவன் வளர்கிறான். பத்து வயதில் தட்டில் முழுத் துண்டு விழுந்தால் அப்போதும் அது அவனுக்குப் புதிய பொருள். அதனால் மசிப்பது மசிக்கட்டும், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு துண்டும் தட்டில் இருக்கட்டும். அவன் தின்ன வேண்டும் என்பதில்லை, பார்த்தால் போதும்.

‘பார்த்தால் போதுமா?’ என்று கேட்பீர்கள். இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை புதிய உணவைக் கண்டு மிரள்வது குழந்தைகளின் இயல்பு. முக்கியமாகப் பச்சை நிறம், கசப்பு, வழுவழுப்பு. கசப்பை உணர்வதில் பிள்ளைக்குப் பிள்ளை பிறவியிலேயே வித்தியாசம் உண்டு. டிஏஎஸ்2ஆர்38 என்ற மரபணு அதற்கு ஒரு காரணம். ஆகவே பக்கத்து வீட்டுப் பிள்ளை பாகற்காய் தின்கிறது என்று உங்கள் பிள்ளையைத் திட்டுவதில் அர்த்தமில்லை. லியான் பர்ச் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களிலிருந்து பாலர் பள்ளிப் பிள்ளைகளிடம் தொடர்ந்து ஆராய்ந்து காட்டியது இது: ஒரே உணவைத் திரும்பத் திரும்ப, வற்புறுத்தாமல், பத்துப் பதினைந்து தடவை ருசிக்க வாய்ப்புக் கொடுத்தால் வெறுப்பு மெல்லக் குறைகிறது. நம் வீடுகளில் மூன்று தடவை துப்பியதும் ‘இவனுக்கு அவரைக்காய் ஆகாது’ என்று முத்திரை குத்திவிடுகிறோம். அப்புறம் அந்தக் காயை வாங்குவதே நின்றுபோகிறது.

அவரே கண்ட இன்னொன்று: ‘இதைத் தின்னால் அதைத் தருகிறேன்’ என்று ஒரு உணவுக்குக் கூலி வைத்தால், கூலிக்காகத் தின்ற உணவின் மேல் பிள்ளைக்கு விருப்பம் குறைகிறது. ‘பொரியல் தின்னா சாக்லேட்’ என்கிறபோது பொரியல் வேலை, சாக்லேட் சம்பளம் என்று நாமே சொல்லிக்கொடுக்கிறோம். ஒரு துண்டு ருசி பார்த்ததற்குக் கையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவது பரவாயில்லை. பின்னால் வந்த ஆய்வுகளில் அது பலன் தந்திருக்கிறது. தின்பண்டத்தை மட்டும் கூலியாக்காதீர்கள். செல்போனைக் காட்டி வாயில் திணிப்பது அதைவிட மோசம். வாயில் என்ன போகிறது என்றே தெரியாத பிள்ளைக்கு எந்த ருசி பழகும்?

எலின் சாட்டர் என்ற உணவு ஆலோசகர் ஒரு வேலைப் பங்கீடு சொல்வார், நான் எல்லாருக்கும் அதைத்தான் சொல்லி அனுப்புகிறேன். என்ன சமைப்பது, எப்போது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பது பெற்றோர் தீர்மானம். அதில் எதை, எவ்வளவு தின்பது என்பது பிள்ளை தீர்மானம். அவனுக்கென்று தனியாகத் தயிர்சாதம் கிளறாதீர்கள். எல்லாருக்கும் சமைத்ததில் அவனுக்குப் பிடித்த ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கட்டும். மிச்சத்தை அவன் தொட்டாலும் சரி, ஒதுக்கினாலும் சரி, வாயைத் திறக்காதீர்கள். ‘ஒரு வாய், ஒரே ஒரு வாய்டா கண்ணா’ என்று கெஞ்சுவதும் வற்புறுத்தல்தான். முதல் இரண்டு வாரம் உங்களுக்குத்தான் கஷ்டமாக இருக்கும்.

உங்கள் பையன் விஷயத்தில் எனக்கு ஒரு வசதி தெரிகிறது. அவனுக்கு வறுவல் பிடிக்கிறது. அதாவது மொறுமொறுப்பும் உப்புக்காரமும் பிடிக்கிறது. அங்கிருந்தே நகருங்கள். அதே மசாலா, அதே வடிவத்தில் நறுக்கிய வாழைக்காய். பிறகு சேனை, சர்க்கரைவள்ளி. அதன்பின் வெண்டைக்காய்: கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, மெல்லிசாக நறுக்கி, அகலமான இரும்புச் சட்டியில் மூடாமல், அடிக்கடி கிளறாமல் வதக்கினால் பிசுபிசுப்பு வராது. வெண்டைக்காயை வெறுக்கிற பிள்ளைகளில் முக்கால்வாசிப்பேர் வெறுப்பது அந்தப் பிசுபிசுப்பைத்தான். கோவைக்காயும் இதே மாதிரி நன்றாக வரும். தோசை பிடிக்கும் என்கிறீர்கள்; கேரட் துருவித் தூவிய ஊத்தப்பம், முருங்கைக்கீரை போட்ட அடை. கீரை தெரிகிற மாதிரியே இருக்கட்டும், ஒளிக்க வேண்டாம்.

முருங்கைக்காயையும் மறக்காதீர்கள். நாலு வயதுப் பிள்ளைக்கு அது பாதி விளையாட்டு. நீளத் துண்டைக் கையில் கொடுத்து, பிளந்து, பல்லால் வழித்துச் சப்பச் சொல்லிக்கொடுங்கள், பக்கத்திலேயே இருங்கள். முதல் தடவை நாரை விழுங்கப் பார்ப்பான், துப்பச் சொல்லுங்கள். சட்டையெல்லாம் சாம்பாராகும், ஆகட்டும். ஸ்பூனால் ஊட்டினால் தலையைத் திருப்புகிற பிள்ளை, தன் கையால் சப்பும்போது ஒரு முழுக்காயை முடித்துவிடும்.

கீரைக்கு ஒரு செய்முறை. கைப்பிடி பாசிப்பருப்பை இரண்டு பல் பூண்டு, சீரகத்தோடு குழைய வேகவையுங்கள். அரைக்கீரையையோ சிறுகீரையையோ நறுக்குவதற்கு முன்பே நாலு தண்ணீரில் அலசி (நறுக்கியபின் அலசினால் சத்து தண்ணீரோடு போகும்), நறுக்கிப் போட்டு ஐந்து நிமிடம் மட்டும். மத்தால் கடைந்து, நெய்யில் சின்ன வெங்காயம் தாளித்து, இறக்கி, எலுமிச்சை. நெய் ஆடம்பரம் இல்லை. கீரையின் நிறச்சத்து கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் ஏறும். பச்சைக் கேரட்டைக் கடிப்பதைவிடத் தேங்காய் போட்டு வதக்கிய கேரட்டில் வைட்டமின் ஏ அதிகம் கிடைப்பதும் இதனால்தான். வட்டமாக நறுக்கிய பச்சைக் கேரட்டை இந்த வயதில் கொடுக்கவே கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். மெல்லிசாகத் துருவியோ வேகவைத்தோ கொடுங்கள்.

புரோக்கோலி, சிவப்பு முட்டைக்கோஸ் என்று தேடி அலைய வேண்டியதில்லை. சந்தையில் நாட்டுக்காய் பக்கம் நில்லுங்கள். அவரை, கொத்தவரை, புடலை, பீர்க்கை, பரங்கி, சுண்டைக்காய், கட்டுக்கீரை. இங்கிலீஷ் காயில் கேரட், பீன்ஸ், பீட்ரூட் போதும். பீட்ரூட் கொடுத்த மறுநாள் சிறுநீரோ மலமோ சிவப்பாக வந்தால் பயந்துவிடாதீர்கள். வாரத்தில் எத்தனை விதம் என்பதைப் பாருங்கள், விலையைப் பார்க்காதீர்கள்.

மாமியார் சொல்வது. ராத்திரி கீரை தின்றால் செரிக்காது என்பதற்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. அகல்விளக்கு வெளிச்சத்தில் பூச்சியும் மண்ணும் பார்த்துக் கீரை ஆய முடியாது என்பதால் வந்த பழக்கமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். ஆனால் இதற்காகச் சண்டை போடாதீர்கள். கீரையை மதியம் கொடுத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது, சத்து ஒன்றும் குறையப்போவதில்லை. பூசணி, சுரைக்காய் விஷயம் அப்படியில்லை. சளிக்குக் காரணம் வைரஸ். பாலர் பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிள்ளைக்கு வருடத்தில் ஆறு எட்டு தடவை சளி பிடிப்பது சாதாரணம். எந்தக் காயை நிறுத்தினாலும் பிடிக்கும். ஒவ்வொரு சளிக்கும் ஒரு காயாக நிறுத்திக்கொண்டே போனால் கடைசியில் தயிர்சாதம்தான் மிஞ்சும் (தயிரும் குளிர்ச்சி என்று அதையும் நிறுத்துகிற வீடுகள் உண்டு!). மிளகு சீரகம் போட்ட சுரைக்காய்க் கூட்டு அவருக்கும் சம்மதமாக இருக்கும், கேட்டுப் பாருங்கள். அத்தையின் கைப்பக்குவம் இந்த விஷயத்தில் உங்களுக்குப் பெரிய துணை. சுண்டைக்காயைக் கசப்புத் தெரியாமல் வதக்கவும், பாகற்காய்ப் புளிக்குழம்பில் எவ்வளவு வெல்லம் போடுவது என்றும் அவருக்குத்தான் தெரியும். உப்பும் புளிப்பும் எண்ணெயும் கசப்பை அமுக்கும் என்று நான் எழுதுவதை அவர் கை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும்.

இனி ஏழு மாதப் பாப்பா. அவளிடம்தான் உங்களுக்கு நல்ல வாய்ப்பு. ஆறு மாதத்திலிருந்து ஒரு வயது வரை குழந்தைகள் கிட்டத்தட்ட எதையும் ருசி பார்க்கும். மிரட்சி அப்புறம்தான் வரும். தாய்ப்பாலிலேயே நீங்கள் சாப்பிடும் காயின் வாசனை கொஞ்சம் இறங்குகிறது. கர்ப்பத்திலோ பாலூட்டும்போதோ கேரட் சாறு குடித்த தாய்மார்களின் குழந்தைகள் கேரட் கலந்த கஞ்சியை முகம் சுளிக்காமல் ஏற்றதாக அமெரிக்க ஆய்வாளர் ஜூலி மெனெல்லாவின் குழு 2001-இல் வெளியிட்டது. ஆகவே பத்தியம் என்று நீங்கள் காயை ஒதுக்காதீர்கள். பாப்பாவுக்கு வேகவைத்து மசித்த பரங்கி, கேரட், சுரை, பீன்ஸ், கீரை என்று ஒவ்வொன்றாக, தனித்தனியாக. எல்லாவற்றையும் மிக்சியில் ஒன்றாக அடித்தால் எந்த ருசியும் பதியாது. புதிய காயைப் பகலில் கொடுங்கள். ஒவ்வாமை வந்தால் கண்ணில் படும். ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் சேர்க்க வேண்டாம். எட்டு ஒன்பது மாதத்தில் மசிப்பதைக் குறைத்து, விரலால் நசுக்கினால் நசுங்குகிற மென்மையான துண்டுகளாகக் கையில் கொடுங்கள். பத்து மாதம் தாண்டியும் கூழாகவே ஊட்டிய பிள்ளைகள் பின்னால் கட்டியான உணவுக்கு அதிகம் தகராறு செய்கிறார்கள். முகம் சுளித்தால் பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை; புதிது என்று அர்த்தம். அடுத்த ஸ்பூனுக்கு வாய் திறக்கிறாளா என்று பாருங்கள்.

பரங்கி, கேரட், பப்பாளி மூன்றையும் ஒரேயடியாகக் கொடுத்தால் உள்ளங்கையும் மூக்கு நுனியும் மஞ்சளாகும். மஞ்சள்காமாலை என்று பதறி வருவார்கள். கண்ணின் வெள்ளைப்பகுதி வெள்ளையாகவே இருந்து, சிறுநீரும் வழக்கம்போல் இருந்தால் அது காயின் நிறம்தான். சில வாரம் குறைத்துக் கொடுத்தால் போய்விடும். கண்ணும் மஞ்சளாக இருந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

பையனை வீட்டுக்கு வெளியேயும் சாப்பிட விடுங்கள். பாலர் பள்ளியில் ஒரு காயை விரும்பாத பிள்ளையை, அதை விரும்பித் தின்கிற பிள்ளைகளோடு சில நாள் உட்காரவைத்தபோது அவனும் அதையே எடுக்க ஆரம்பித்தான் என்பதும் பர்ச்சின் ஆய்வுதான். அங்கன்வாடியில் சாம்பார்சாதத்தைக் காயோடு காலி செய்துவிட்டு வீட்டில் வந்து அடம்பிடிக்கும் பிள்ளைகளைக் கேட்டால் அங்கன்வாடி அக்கா சிரிப்பார். வீட்டில் இதற்குச் சமம், அப்பா கீரை தின்பதைப் பிள்ளை பார்ப்பது. அப்பா தட்டில் பொரியலே இல்லையென்றால் மேலே நான் எழுதியது எதுவும் நடக்காது.

சில நிலைகளில் காத்திருக்கக் கூடாது. மொத்தமாகவே பத்துக்கும் குறைவான உணவுகளை மட்டும் தின்று, அதிலும் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வந்தால். கெட்டியான எதையும் மெல்ல முடியாமல் குமட்டினால். எடை ஏறாமல் நின்றால். வெளுத்துப்போய், மண், சுண்ணாம்பு, பச்சரிசி தின்ன ஆசைப்பட்டால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். மண் தின்பது இரும்புக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்த்து, தேவையென்றால் மருந்து கொடுப்பார்கள். குறைந்த ரத்தத்தைக் கீரையால் மட்டும் ஏற்றிவிடலாம் என்று மாதக்கணக்கில் இழுக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை தரும் வைட்டமின் ஏ திரவம் பாப்பாவுக்கு ஒன்பதாவது மாதத்தில் தொடங்கும். பையனுக்கு இதுவரை எத்தனை தவணை போயிருக்கிறது என்று தடுப்பூசி அட்டையைப் பாருங்கள், பூச்சி மாத்திரை கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்பதையும் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.